மூன்றாவது பட்டனில் வந்த ‘வரேன்’

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், உன் நலம் அறிய ஆசை. ‘நாங்கள் நலம்’ என்று எழுதுவதுதான் முறை, கையும் பழக்கத்தில் அப்படித்தான் போனது, பாதி வார்த்தையில் நிறுத்திக்கொண்டேன், மேலே ஒரு அடித்தல் தெரிகிறதே அது அதுதான். என்ன இது, அப்பா காகிதத்தில் எழுதியிருக்கிறாரே, போனைத் தொலைத்துவிட்டாரா, இல்லை அம்மா பிடுங்கி வைத்துவிட்டாளா என்று நீ சிரிப்பாய். சிரி, முதல் பக்கத்திலேயே சிரித்து முடித்துவிடு. பள்ளிக்கூடமும் நானும் ஆறாம் வகுப்பிலேயே மனமொத்துப் பிரிந்தவர்கள், ஆகவே பிழை நிறைய இருக்கும், உன் கம்பெனி மென்பொருளாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அடியில் சிவப்புக் கோடு இழுத்து என் மானத்தை வாங்கியிருக்கும். இந்தக் காகிதம் பாவம், எதைக் கிறுக்கினாலும் வாங்கிக்கொள்கிறது. அடுத்த வார்த்தை என்ன என்று எடுத்துக் கொடுப்பதும் இல்லை, அதற்காகத்தான் இதில் எழுதுகிறேன். எழுதும் இடம் நம் டாக்ஸி, ஸ்டியரிங்கின் மேல் அட்டை, வண்டி நிற்பது ஆஸ்பத்திரி வாசலில், உன் அம்மா உள்ளே காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கிறாள். காலில் சின்னப் புண் என்று அவள் உனக்கு அனுப்பினாளே, அது சின்னப் புண் இல்லை பாப்பா. சர்க்கரையால் வந்தது. விரலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இவள் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். நீ வந்த பிறகுதான் போடுவாளாம். நீதான் ‘வரேன்’ என்று சொல்லியிருக்கிறாயாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் ஹெட் ஆபீஸுக்கு, உன் அம்மாவுக்கு நான் வைத்த பெயர்களில் அவள் கோபித்துக்கொள்ளாதது இது ஒன்றுதான், சட்டைத் தொழிற்சாலையில் என்ன வேலை என்று உனக்குத் தெரியும். நாள் முழுக்க நின்றுகொண்டு பட்டனைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும், கெட்டியாக இருந்தால் சட்டை அந்தப் பக்கம், கையோடு வந்தால் இந்தப் பக்கம். வீட்டிலும் அதே குணம், காய்கறிக்காரரின் தராசு, நான் தாமதத்துக்குச் சொல்லும் காரணம், எதையும் ஒரு இழு இழுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவள் தன் செருப்பைப் பார்க்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்து நடக்கிறாள், தரையில் ரத்தக் கோடு விழுகிறது. என்னவென்று பார்த்தால் ஒரு குண்டூசி செருப்பின் அடியிலிருந்து ஏறி விரலுக்குள் போயிருக்கிறது, எப்போது ஏறியது என்று அவளுக்கே தெரியவில்லை, வலிக்கவே இல்லையாம். நான் சும்மா இருப்பேனா, ஊசி குத்தினாக்கூடத் தெரியலைன்னா இனிமே நான் திட்டறது மட்டும் எங்க உறைக்கப் போவுது என்று கிண்டல் பண்ணினேன், அவளும் சிரித்தாள். வலிக்காமல் இருந்ததுதான் வியாதியே என்று பின்னால் டாக்டர் சொன்னார். அந்த டாக்டரிடம் போவதற்கு முன்னால் சில வாரங்கள் வீணாகப் போயின, அதற்குக் காரணம் போனுக்குள் இருக்கும் ஒரு வெள்ளைக் கோட்டுக்காரன். பின்னால் புத்தக அலமாரி, கழுத்தில் குழாய், சர்க்கரைப் புண்ணை வீட்டிலேயே ஆற்ற ஒரே ஒரு பொருள் போதும், அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன் என்கிறான். சொல்லித் தொலையேன்டா. சொல்ல மாட்டான். தன் தாத்தா கதை, நடுவில் சோப்பு விளம்பரம், பிறகு ஒரு நோயாளி கதை, நடுவில் வீட்டுமனை விளம்பரம். எனக்கு அது நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் அது என் தொழில். மீட்டர் ஓடும்போது சுற்று வழியில் போவது. நான் ஒரு தெரு கூடுதலாகச் சுற்றினால் பின்சீட்டில் இருப்பவர் என் சட்டையைப் பிடிப்பார், இவன் அரை மணி நேரம் சுற்றினாலும் உன் அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு மீட்டர் கண்ணில் தெரியவில்லை. கடைசியில் அவன் சொன்ன ஒரே ஒரு பொருள் அவனே விற்கும் களிம்பு. வாங்கித் தடவினாள். மேலே தோல் மூடியது, பாத்தீங்களா என்று என்னிடம் காலை நீட்டிக் காட்டினாள், உள்ளே அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நீ ஒருமுறை சொன்னாய், அப்பா, போன் நாம பேசறதை எல்லாம் ஒட்டுக் கேக்காது, அது வேற கணக்கு என்று. என்ன கணக்கோ எனக்குத் தெரியாது. உன் அம்மாவின் காலைப் பற்றி நாங்கள் பேச ஆரம்பித்ததிலிருந்து அவள் போனைத் திறந்தால் மெத்தென்ற செருப்பு விளம்பரம். டாக்டரிடம் போய்வந்த பிறகு நான்கு கால் வைத்த ஊன்றுகோல் விளம்பரம். போன வாரம் செயற்கைக் கால், முட்டிக்குக் கீழே பொருத்துவது, ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு பூங்காவில் ஓடுகிறாள், முகமெல்லாம் சிரிப்பு. டாக்டரே இன்னும் முட்டி வரைக்கும் போகவில்லை பாப்பா, இந்தப் போன் நமக்கு முன்னாடி போய் அங்கே நின்றுகொண்டு கையைக் காட்டிக் கூப்பிடுகிறது. நான் அதை அவளுக்குத் தெரியாமல் தள்ளிவிட்டேன், நான் தொட்டதால் எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, இப்போது என் போனிலும் அதே பெண் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் உன் வயதுப் பெண்தான், குள்ளமாக இருப்பாள், பேச்சில் கத்தி. ஒரு விரல் போகணும், உடனே செஞ்சா அதோட முடிஞ்சிடும் என்றாள். உன் அம்மா வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஒரு விரல் போனா நகம் வெட்டற வேலை கொஞ்சம் மிச்சம் என்றாள், அவளும் லேசுப்பட்டவள் இல்லை, இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியிருக்கிறாளே. ஆனால் வீட்டுக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. பாப்பா ஒரு எட்டு வந்துட்டுப் போனா தேவலை, அவ பக்கத்துல இருந்தா நான் பயப்படாமப் போய்ப் படுத்துக்குவேன் என்றாள். நான் உடனே உனக்குப் போன் போடப் போனேன், என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினாள், விரலை எடுக்கறதுன்னு அவகிட்ட சொல்லக் கூடாது, பயந்துடுவா, வேலையில தப்புப் பண்ணிடுவா, வந்தப்புறம் நேர்ல சொல்லிக்கலாம் என்று. பிறகு அவளே உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, நம் மூவருக்கும் நீ போட்டுக் கொடுத்த குடும்பக் குழுவில் அனுப்பினாள். காலில் சின்னப் புண், பயப்பட ஒன்றும் இல்லை, நீ ஒரு எட்டு வந்தால் நன்றாக இருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் உன்னிடமிருந்து மூன்று பதில் வந்தது. ‘அச்சச்சோ’. கொஞ்சம் கழித்து ‘உடம்பைப் பாத்துக்கோங்க’. அப்புறம் ‘வரேன்’. அந்த மூன்றாவதைப் பார்த்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, பாத்தீங்களா, ஒரு வார்த்தை, வேற ஒண்ணும் கேக்கலை, எதுக்கு எப்போன்னு கேக்கலை, வரேன்னுட்டா என்றாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து வீடு உனக்காக நின்றுகொண்டிருக்கிறது. உன் கட்டிலில் இருந்த மூட்டைகள் எல்லாம் என் கட்டிலுக்கு வந்துவிட்டன, நான் மூட்டைகளுக்குள் ஒரு மூட்டையாகப் படுத்துக்கொள்கிறேன். வண்டியின் சீட்டு உறையைத் துவைத்துப் போடச் சொன்னாள், துவைத்தேன். எனக்கு ஏர்போர்ட் சவாரி வந்தால் போதும், எதுக்கும் வெளிய வர்ற கூட்டத்தை ஒரு பார்வை பாத்துட்டு வாங்க, சொல்லாம வந்து நிக்கிற கழுதை அது என்கிறாள். நானும் பயணியை இறக்கிவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு எதிரே நின்று, பெட்டி தள்ளிக்கொண்டு வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன், போலீஸ்காரர் வண்டியை எடு என்று தட்டும் வரைக்கும். வந்து சொன்னால், இன்னிக்கு இல்லையா, சரி நாளைக்கு என்கிறாள். ஆஸ்பத்திரியில் தேதி கேட்டால், என் பொண்ணு வந்துட்டிருக்கா டாக்டர் என்கிறாள். நீ காலைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாதாம், என்னுடைய பெரிய காலுறையை எடுத்துக் கட்டின் மேல் மாட்டி வைத்திருக்கிறாள். காலுறைக்குள் ஒரு விரல் கறுத்தது, பக்கத்து விரல் கறுத்தது, இப்போது மூன்றாவது. டாக்டர் போன தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஐயா, இந்த மாசக் கடைசியைத் தாண்டிட்டா நான் விரலைப் பத்தியே பேச மாட்டேன், பாதத்தைப் பத்திப் பேசுவேன், அதுக்கப்புறமும் இவங்க பொண்ணு வந்துட்டே இருந்தா எங்க வரைக்கும் போகும்னு நான் சொல்ல முடியாது என்றாள். கத்திப் பேச்சு என்று சொன்னேனே, ஆனால் சொல்லிவிட்டு அவள்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த நிலைமையில்தான் நம் நெட்டை எனக்கு ஒன்றைக் காட்டினான். ஸ்டாண்டில் என் வண்டிக்கு அடுத்த வண்டி அவனுடையது, உனக்கு நினைவிருக்கும், குடையை மடக்குவதுபோல உடம்பை மடக்கித்தான் வண்டிக்குள் போவான். அவன் மச்சான் ஏதோ குழந்தை பிறந்த செய்தி அனுப்பியிருந்தான், நெட்டை படிக்கவேயில்லை, கட்டைவிரலால் ஒரு தட்டு, பதில் போய்விட்டது. என்னடா அதுக்குள்ள எழுதிட்ட என்றேன். எவன் எழுதறது, அதான் கீழ மூணு எடுத்து வச்சிருக்கே, நமக்கு எது தோதோ அதைத் தட்டினா போவுது என்று காட்டினான். நான் மைக்கை அழுத்தி வாயால் பேசி அனுப்புகிறவன், கீழே எட்டிப் பார்த்ததே கிடையாது. பார்த்தால், வாழ்த்துகள், ரொம்ப சந்தோஷம், மூன்றாவதாக ‘வரேன்’. உடனே என் போனிலிருந்து உன் அம்மா உனக்கு எழுதிய அதே வரியை நெட்டைக்கு அனுப்பினேன். காலில் சின்னப் புண், பயப்பட ஒன்றும் இல்லை, நீ ஒரு எட்டு வந்தால் நன்றாக இருக்கும். அவன் போனில் அது போய் விழுந்தது. கீழே மூன்று குமிழ் எழுந்தது. ‘அச்சச்சோ’. ‘உடம்பைப் பாத்துக்கோங்க’. ‘வரேன்’. வரிசைகூட மாறவில்லை பாப்பா. நெட்டைக்கு ஒன்றும் புரியவில்லை, என்னண்ணே, யார் காலு, நான் எங்க வரணும், இப்பவே வரணுமா என்று கேட்டான். வெயிலில் நின்றுகொண்டு அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உன் வேலை எனக்கு உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ வீடியோவில் வந்து பெருமையாகச் சொன்னாயே, அப்பா, போன்ல மூணு பதில் தானா வரும்ல, தமிழ்ல அது என்ன சொல்லணும்னு சரி பாக்கறதுதான் என் வேலை, ‘போறேன்’னு இருந்ததைத் தூக்கிட்டு ‘வரேன்’னு வச்சது நான்தான், நம்ம ஜனங்க கெளம்பும்போது போறேன்னு சொல்ல மாட்டாங்கன்னு எடுத்துச் சொன்னேன், ஆபீஸ்ல எல்லாரும் கைதட்டினாங்க என்று. நான் அன்றைக்கு ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் பொண்ணு கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குது என்று, ஆனால் சத்தியமாக எனக்கு அது என்ன வேலை என்றே புரிந்திருக்கவில்லை. ‘போறேன்’ என்று சொல்லாதே, ‘வரேன்’ என்று சொல்லு என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார். சின்ன வயதில் நீ செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மா நான் ஸ்கூலுக்குப் போறேன் என்று கத்துவாய், அவள் கரண்டியோடு ஓடிவந்து வாசலில் மறித்து, என்னன்னு சொன்ன, திருப்பிச் சொல்லு என்று நிற்பாள், நீ ‘வரேன்’ என்று சொன்னால்தான் வழி விடுவாள். அவள் உன் வாயில் வைத்த வார்த்தையை நீ கொண்டுபோய்ப் பட்டனில் வைத்தாய், அந்தப் பட்டன் இப்போது அவளிடமே வந்து நிற்கிறது. உன் ஆபீஸில் அது ‘சரி, அப்புறம் பார்ப்போம்’ என்கிற ‘வரேன்’. அவளுக்கு அது ‘விமானம் ஏறிவிட்டேன்’ என்கிற ‘வரேன்’.

மெல்லக் கேட்டுப் பார்த்தேன். ஏம்மா, அது வந்துடறேங்கிற வரேனா, இல்லை போனை வைக்கும்போது சொல்ற வரேனா என்று. அப்படி ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்ததே நான்தான், எனக்குத் தெரியாதா, உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆயுசெல்லாம் பட்டனை இழுத்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவள், அவள் இழுத்துப் பார்க்காமல் விட்ட ஒரே பட்டன் உன்னுடையதுதான். நான் அதை அவள் எதிரில் இழுத்துக் காட்டி, இதோ கையோடு வருகிறது பார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விரலை எடுப்பதற்கே இப்படிப் பயப்படுகிறவளிடமிருந்து இதையும் எப்படி எடுப்பேன்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, அதற்கு எனக்கு யோக்கியதையும் இல்லை. என் டாக்ஸி மென்பொருளிலும் ஒரு பட்டன் இருக்கிறது, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று. பயணி எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், நான் டீக்கடை பெஞ்சில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைத் தட்டியிருக்கிறேன். தட்டினால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் இன்னொரு வாய் டீ. யாரும் பொய் சொன்ன மாதிரியும் இல்லை, நிஜம் சொன்ன மாதிரியும் இல்லை. நீயும் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு ஓடும்போது, அம்மா வழக்கம்போல ஏதோ அனுப்பியிருக்கிறாள், சின்னப் புண்தானே என்று தட்டியிருப்பாய். அவள் எழுதியதும் பாதிப் பொய்தானே. இல்லை, ஒருவேளை நிஜமாகவே சொல்லிவிட்டு, லீவு கிடைக்காமல் தவித்துக்கொண்டிருக்கிறாயோ, அதுவும் எனக்குத் தெரியாது. எந்த வரேன் என்று தெரியாமல்தான் நான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தனியாக, பாப்பா அவசரமாகப் பேச வேண்டும் என்று நெட்டையை வைத்து அனுப்பினேன், ‘சரிப்பா, பிறகு பேசலாம்’ என்று வந்தது, அதையும் நெட்டை போனில் போட்டுப் பார்த்தோம், அதுவும் குமிழில் இருக்கிறது. போன் போட்டால் ‘கூட்டத்தில் இருக்கிறேன்’ என்று தானாகப் பதில் வருகிறது. ஸ்டாண்டில் மற்றவர்கள் நம்பரிலிருந்து போட்டால் நீ எடுப்பதில்லை, அந்த நம்பர்கள் உன் போனில் மோசடிக்காரன் என்று சிவப்பாக வருகிறது என்று நீதானே சொன்னாய். பெற்ற அப்பன் மோசடிக்காரனாகிவிட்டேன், பட்டன் உனக்குப் பதிலாகப் பேசுகிறது, நல்ல கம்பெனி.

உன் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று என் வண்டியில் வந்த ஒரு கம்ப்யூட்டர்காரர் பேசிக்கொண்டு வந்தார். சொல்லிக் கொடுத்தவர்களிடமிருந்து எல்லாவற்றையும் அது கற்றுக்கொண்டதாம், இனிமேல் சொல்லிக் கொடுப்பவர்கள் தேவையில்லையாம். வாயில் இருந்த வார்த்தையை எல்லாம் வாங்கிக்கொண்டு, இப்போது வாய் வேண்டாம் என்கிறார்கள். சரிதான், எங்களிடமும் டாக்ஸி மென்பொருள்காரர்கள் அப்படித்தான், முதலில் ஒவ்வொரு சவாரிக்கும் மேலே போட்டுக் கொடுத்தார்கள், ஊர் முழுக்க அவர்கள் வழிக்கு வந்தபிறகு பிடித்துக்கொள்கிறார்கள், ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டால் இப்போது ஒரு மனுஷன் ஏறுவதில்லை. இந்த நேரத்தில் லீவு கேட்டால் உன் பெயர்தான் முதலில் அவர்கள் கண்ணில் படும் என்று நீ பயப்படலாம். பயப்படுவதில் தப்பே இல்லை. அங்கே வாடகை வீட்டில் தனியாக இருப்பவள் நீ, நான் வந்து உன் முதலாளியிடம் பேச முடியாது, எனக்கு அவர் பாஷையும் தெரியாது, அவர் யார் என்று உனக்கே தெரியாது என்று சொல்லியிருக்கிறாய்.

ஆகையால் வந்தே தீர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஆசை இருக்கிறது, கண்ணாடிக் கதவுக்கு எதிரே நிற்கும்போதெல்லாம் இருக்கிறது, ஆனால் கேட்கவில்லை. வர முடிந்தால் வா. முடியாது என்றால் அம்மாவுக்குப் போன் போட்டு உன் வாயால் ‘வரலைம்மா’ என்று சொல்லிவிடு. விரல் விஷயம் உனக்குத் தெரியும் என்றும் சொல்லிவிடு, நான் சத்தியத்தை மீறிவிட்டேன் என்று என்னைத் திட்டட்டும், எனக்குப் பழக்கம்தான். அழுவாள். அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். மறுநாள் கையெழுத்துப் போடுவாள், எனக்கு அவளைத் தெரியும், இல்லை என்று தெரிந்துவிட்டால் தாங்கிக்கொள்கிறவள்தான், காலம் முழுக்க அப்படித்தான் தாங்கியிருக்கிறாள். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்றுக்காகத்தான் அவள் கால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நெட்டையும் நானும் எத்தனையோ விதமாக அனுப்பிப் பார்த்தோம், வருவாயா, எப்போது வருவாய், வருவாயா மாட்டாயா என்றெல்லாம். ‘வரேன்’ வந்தது, ‘பார்க்கலாம்’ வந்தது, ‘சீக்கிரம் சந்திப்போம்’ வந்தது. ‘வரலை’ என்று ஒரு தடவைகூட வரவில்லை. மனசுக்குக் கஷ்டமான வார்த்தை எதுவும் பட்டன்ல வராதுப்பா, எடுத்துட்டோம் என்று நீ ஒருமுறை சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே அந்த வார்த்தையை நீயேதான் சொல்ல வேண்டும், வேறு யாரும் உனக்காகச் சொல்ல மாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்காதே. ஒருமுறை சர்க்கரையைச் சோதித்துப் பார்த்துக்கொள், இது நம் வீட்டுச் சொத்து, வேறு சொத்து ஒன்றும் இல்லாவிட்டாலும் இது உனக்கு வந்து சேரக்கூடும். வெறுங்காலோடு நடக்காதே, செருப்பை மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டிப் பார். வேலை போனாலும் போகட்டும், அதற்காக ராத்திரியெல்லாம் விழித்திருந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, என் மூட்டைக் கட்டிலில் உனக்கு எப்போதும் இடம் இருக்கிறது. இந்தக் கடிதம் வந்து சேர்ந்தது என்று குடும்பக் குழுவில் போட்டுவிடாதே, அங்கே அம்மா பார்ப்பாள். ‘சரிப்பா’ என்று எனக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம். மாதக் கடைசி என்பதை மட்டும் மறந்துவிடாதே.

அதோ கண்ணாடியில் தெரிகிறாள், ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, அந்த ஆளை ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டு வருகிறாள். வண்டியில் ஏறியதும் முதல் கேள்வி, ஏர்போர்ட் சவாரி ஏதாவது வந்துதா என்பதுதான். கடிதத்தைக் கால்மிதிக்குக் கீழே தள்ளப் போகிறேன், வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுக்கப் போகிறேன். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, குறையில்லாமல் இரு, எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. முடிக்கும்போது ‘வரேன்’ என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வார்த்தையை நான் தொடவில்லை, உனக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஹெட் ஆபீஸின் டிரைவர்